ரிப்போர்ட்ல பாசிடிவ், உடம்புல ஒண்ணுமே இல்ல… எதை நம்புறது டாக்டர்?

இந்த மாசம் வந்த கேள்வில முக்காவாசி ஒரே விஷயம்தான், ஹெர்பிஸ், அதாவது உதட்டுலயும் பிறப்புறுப்புலயும் கொப்புளம் வர வைக்குற, ஒட்டுற வைரஸ் நோய். யாரோட பேரும் போடல, ஊரு வேலை எல்லாம் கொஞ்சம் மாத்தியிருக்கு. சில பேர் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கீங்க, தயவுசெஞ்சு அனுப்பாதீங்க, மங்கலா ஒரு படத்தைப் பாத்து நான் ஆமாம்னும் சொல்ல முடியாது இல்லனும் சொல்ல முடியாது.

கேள்வி: வணக்கம் டாக்டர், வயசு 29, பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன். நாலு மாசம் முன்னாடி வெளியூர் போன இடத்துல ஒருத்தரோட உறவு வெச்சுட்டேன், ஒரே தடவைதான், காண்டம் போட்டுத்தான். ஒம்பதாவது நாள் தொடை இடுக்குல அரிப்பு ஆரம்பிச்சுது, செல்போன் டார்ச் அடிச்சுப் பாத்தா உறுப்புல வெள்ளை வெள்ளையா சின்னச் சின்னப் புள்ளி, கூகுள்ல படம் பாத்தா எல்லாமே அதே மாதிரி தெரியுது. பயந்து போய் 14வது நாள் ஆன்லைன்ல பேக்கேஜ் போட்டு ரத்தம் குடுத்தேன், ஹெச்.எஸ்.வி. (ஹெர்பிஸ் வைரஸ்) 1+2 ஐ.ஜி.எம். 1.3 பாசிடிவ், ஐ.ஜி.ஜி. 6.8 பாசிடிவ். வேற லேப்ல எடுத்தேன், ஐ.ஜி.எம். நெகட்டிவ். மூணாவது லேப்ல திரும்ப பாசிடிவ். தினம் மூணு வேளை டெட்டால் போட்டுக் கழுவுறேன், எரியுது, மெடிக்கல்ல குடுத்த கிரீம் போட்டா ஒரு வாரம் நல்லா இருக்கு அப்புறம் அரிப்பு டபுளா வருது. ஆவணில கல்யாணம். வீட்ல பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. எந்த ரிப்போர்ட்டை நம்புறது, கல்யாணத்தை நிறுத்திடவா?

பதில்: தம்பி, முதல் வேலையா அந்த டெட்டால் பாட்டிலை பாத்ரூம்ல இருந்து எடுத்து வெளிய வைங்க. தரை தொடைக்கட்டும். அந்த இடத்துத் தோல் ரொம்ப மெல்லிசு, தினம் மூணு வேளை அதைப் போட்டா யாருக்கா இருந்தாலும் எரியும், உரியும், சிவக்கும், அப்புறம் அந்த எரிச்சலையே நோயோட அறிகுறினு நெனச்சு இன்னும் ரெண்டு மூடி ஊத்துவாங்க, இதே கதையை நான் ஓ.பி.ல வாரம் ரெண்டு கேக்குறேன்.

வெள்ளைப் புள்ளி. கிள்ளினா வலிக்காது, தண்ணி கோக்காது, வாரக்கணக்கா அப்படியே இருக்குதுல்ல? அது பெரும்பாலும் ஃபோர்டைஸ் புள்ளிகள், தோலுக்கு அடியில இருக்குற எண்ணெய்ச் சுரப்பி, வியாதியே இல்ல. சில பேருக்கு மொட்டோட விளிம்புல முத்து கோத்த மாதிரி வரிசையா சின்னப் பருக்கள் இருக்கும், அதுவும் வியாதி இல்ல. வயசுக்கு வந்த நாள்ல இருந்து இருந்திருக்கும், டார்ச் அடிச்சுப் பாக்க ஒரு காரணம் இப்பத்தான் கிடைச்சிருக்கு. இடுக்குல அரிப்பு, கிரீம் போட்டா போகுது, விட்டா ரெட்டிப்பா வருதுனா நான் முதல்ல சந்தேகப்படுறது படர்தாமரைதான். வேர்வை, டைட் ஜீன்ஸ், அதோட மெடிக்கல்ல எடுத்துக் குடுத்த ஸ்டீராய்டு கலந்த கிரீம், இந்த மூணும் சேர்ந்தா படர்தாமரை அடங்குற மாதிரி நடிச்சுட்டு வேர் விட்டுப் பரவும். அந்தக் கிரீமையும் நிறுத்துங்க.

ஹெர்பிஸ் வர்ற விதமே வேற. வைரஸ் உள்ள போய் 2ல இருந்து 12 நாளுக்குள்ள, சராசரியா நாலாவது நாள் வாக்குல, முதல்ல ஒரு இடத்துல சுருசுருனு இருக்கும், அப்புறம் செவந்த தோல் மேல கடுகு சைஸ்ல கொப்புளம், ஒண்ணா இல்ல, கொத்தா. ரெண்டு மூணு நாள்ல உடைஞ்சு புண்ணாகும், ஒண்ணுக்குப் போனா உயிர் போற மாதிரி எரியும், தொடை இடுக்குல நெறி கட்டும், முதல் தடவைனா காய்ச்சல் உடம்புவலி கூட வரும், ரெண்டு மூணு வாரத்துல காஞ்சு பொருக்கு தட்டி உதிரும். நாலு மாசமா மாறாம நிக்குற புள்ளி அந்தக் கணக்குல வராது. ஆனா ஒரு உண்மையையும் மறைக்கக் கூடாது, நிறைய பேருக்கு இப்படி பாடப்புத்தகம் மாதிரி வராது, ஒரு சின்ன வெடிப்பு, ஒரு கீறல், அல்லது ஒண்ணுமே தெரியாமலே போயிடும். உங்களை இந்த டெஸ்ட் வலையில மாட்டி விட்டது இந்த ஒரு விஷயம்தான்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். மூணுலயும் இருக்குற ஐ.ஜி.எம். வரியைப் பேனாவால அடிச்சிடுங்க, கோவமாவே அடிக்கலாம். ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. ரெண்டுமே கிருமியை எதிர்க்க உடம்பு தயார் பண்ற புரதம், புதுசா தொத்தினா ஐ.ஜி.எம். வரும், பழசுனா ஐ.ஜி.ஜி.னு படிச்சிருப்பீங்க, மத்த சில நோய்க்கு அது ஓரளவு சரி, ஹெர்பிஸ்க்கு சரிப்படாது. ஹெர்பிஸ்ல ரெண்டு வகை, டைப் 1 பெரும்பாலும் உதட்டுல வர்றது, டைப் 2 பெரும்பாலும் பிறப்புறுப்புல வர்றது, ஐ.ஜி.எம். எந்த டைப்னு பிரிச்சுச் சொல்லாது, வருஷக்கணக்கா உள்ள தூங்குற வைரஸ் லேசா முழிச்சாலும் ஏறும், சம்பந்தமே இல்லாமலும் ஏறும். அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சி.டி.சி.) ஹெர்பிஸ்க்கு ஐ.ஜி.எம். டெஸ்ட் எடுக்காதீங்கனே எழுதி வெச்சிருக்கு. மூணு லேப்ல மாத்தி மாத்தி வந்ததுல ஆச்சரியமே இல்ல, லேப் மேலயும் தப்பு இல்ல, அந்த டெஸ்டே அப்படித்தான்.

ஐ.ஜி.ஜி. 6.8னு இருக்கே, அது நிஜமா இருக்கலாம். ஆனா நிஜம் என்ன? நீங்க எடுத்தது 1+2 சேர்ந்த டெஸ்ட். சின்ன வயசுல காய்ச்சல் விட்டதும் உதட்டோரம் பொரிப்பொரியா வரும், 'உள்ள இருந்த சூடு வெளிய வந்துருச்சு'ம்பாங்க பாட்டி, ஞாபகம் இருக்கா? அதுதான் டைப் 1. பேரனை எச்சிலோட கொஞ்சுறதுல இருந்தே பரவுற சங்கதி. உலக சுகாதார நிறுவனக் கணக்குல 50 வயசுக்குள்ள இருக்குறவங்கள்ல மூணுல ரெண்டு பேர் கிட்ட அந்த வைரஸ் இருக்கு, பல பேருக்கு உதட்டுல பொரிஞ்சதாகூட ஞாபகம் இருக்காது. 14 நாள் முன்னாடி வந்த தொத்துக்கு ஐ.ஜி.ஜி. அவ்வளவு ஏறுறது கஷ்டம், உடம்பு அதைத் தயார் பண்ண வாரக்கணக்குல ஆகும், சில பேருக்கு 12, 16 வாரம் கூட. அதனால அந்த 6.8 நீங்க ட்ரவுசர் போட்ட காலத்துல வாங்கினதா இருக்கத்தான் அதிக வாய்ப்பு. சேர்த்து எடுத்த டெஸ்ட்ல இருந்து டைப் 2 இருக்கா இல்லையானு யாராலயும் சொல்ல முடியாது, நான் சொன்னாலும் நம்பாதீங்க.

'அப்ப டைப் 2 ஐ.ஜி.ஜி. மட்டும் தனியா எடுத்தா?' அடுத்த கேள்வி அதுதான்னு தெரியும். அறிகுறி இல்லாதவங்களுக்கு நான் எழுதித் தர்றதில்ல, ஏன்னா ஒரு கணக்கு இருக்கு. அமெரிக்காவுல நோய்த் தடுப்புக்கான நிபுணர் குழு 2016ல போட்டது: நூத்துக்கு 15 பேர் கிட்ட டைப் 2 இருக்குற கூட்டத்துல 10,000 பேரை இழுத்து டெஸ்ட் எடுத்தா 1,485 பேருக்கு சரியான பாசிடிவ் வரும், 1,445 பேருக்குத் தப்பான பாசிடிவ் வரும். கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி! நோயே இல்லாத 1,445 பேர் தூக்கத்தைத் தொலைக்குறாங்க, கல்யாணத்தை நிறுத்துறாங்க. அதனாலதான் அறிகுறி இல்லாதவங்களுக்குப் பொதுவா இந்த ரத்த டெஸ்ட் வேணாம்னு அப்ப சொன்னாங்க, 2023லயும் திரும்ப அதையே சொன்னாங்க. குறிப்பா 1.1ல இருந்து 3க்குள்ள வர்ற நம்பர் ரொம்ப மோசம், வேற முறைல இன்னொரு டெஸ்ட் பண்ணி உறுதிப்படுத்தாம அதை வெச்சு எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

இவ்வளவு சொன்னாலும் நீங்க ஒரு டெஸ்ட் எடுக்காம தூங்க மாட்டீங்கனு தோணுது. சரி, நாலு மாசம் ஆச்சுல்ல, இப்ப எடுத்தா ஒரு அர்த்தமாவது இருக்கும். டைப் 2க்கு தனியா, ஜி.ஜி.2ங்குற டைப் 2 வைரஸோட புரதத்தை வெச்சுப் பண்ற ஐ.ஜி.ஜி.யானு லேப்ல கேட்டுட்டு ஒரே ஒரு தடவை எடுங்க. நெகட்டிவ்னா அதோட மூடுங்க, அதுக்கப்புறம் இன்னொரு லேப் கிடையாது. பாசிடிவ்னா நம்பரோட ஒரு டாக்டரைப் பாருங்க, நீங்களா தீர்ப்பு எழுதாதீங்க.

நம்பகமான டெஸ்ட் இல்லாம இல்ல, ஆனா அதுக்குப் புண்ணு வேணும். கொப்புளம் வந்த உடனே, ரெண்டு நாளுக்குள்ள, களிம்பு எதுவும் தடவாம வாங்க. ஊசி முனையால மேல்தோலைக் கொஞ்சமா நீக்கிட்டு, ஸ்வாப் குச்சியால புண்ணோட அடியில அழுத்தித் தேய்ப்போம், வலிக்கும், நாலு செகண்ட் பல்லைக் கடிச்சுக்கணும். அதை பி.சி.ஆர்.க்கு அனுப்பினா வைரஸ் இருக்கா, டைப் 1ஆ 2ஆனு சொல்லிடும். பி.சி.ஆர். வசதி இல்லாத இடத்துல அதே அடிப்பகுதியைச் சுரண்டி கண்ணாடி ஸ்லைடுல தடவி சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாப்போம், ஸாங்க் ஸ்மியர்னு பேரு, ஹெர்பிஸ் குடும்பம்னா ஒரே செல்லுக்குள்ள பல நியூக்ளியஸ் நெருக்கியடிச்சு இருக்குறது தெரியும், ஆனா இது எந்த டைப்னு பிரிக்காது, அதே குடும்பத்துல வர்ற அக்கியானு கூட பிரிக்காது. புண்ணு காஞ்சு பொருக்கு தட்டின பிறகு வந்தா ஸ்வாப் நெகட்டிவ் வரலாம், அதுக்காக நோய் இல்லனு அர்த்தம் ஆகாது.

உங்க கடிதத்துல என்னை உறுத்துறது வேற. மூணு லேப்ல ஹெர்பிஸ் எடுத்திருக்கீங்க, ஹெச்.ஐ.வி., சிபிலிஸ் எடுத்தீங்களானு ஒரு வரி இல்ல. அந்த ரெண்டுக்கும் ரத்த டெஸ்ட் நம்பகமானது, நாலு மாசம் தாண்டிட்டதால இப்ப வர்ற ரிசல்ட்டை நம்பி நிம்மதியாகலாம். அரசு ஆஸ்பத்திரில நம்பிக்கை மையம்னு போர்டு இருக்கும், ஹெச்.ஐ.வி. டெஸ்ட் இலவசம், ரகசியமா வெச்சுப்பாங்க, பால்வினை நோய்க்கு சுகவாழ்வு மையம் தனியா இருக்கு. கூச்சமா இருந்தா முதல்ல 1097க்கு போன் போட்டு விசாரிச்சுட்டுப் போங்க, அதுவும் இலவசம்.

கல்யாணத்தை நிறுத்தணுமா? நீங்க எழுதினதை வெச்சுப் பாத்தா நிறுத்த ஒரு காரணமும் எனக்குத் தெரியல. தோல் டாக்டர் கிட்ட ஒரு தடவை நேர்ல காட்டி, அந்த ரெண்டு டெஸ்டையும் முடிச்சுட்டு வேலையைப் பாருங்க. டார்ச் அடிச்சுப் பாக்குறதை மட்டும் இன்னைக்கே விடுங்க, நாளுக்கு பத்து தடவை பாத்தா நல்ல தோலும் வியாதியாத்தான் தெரியும். அப்படியும் விட முடியல, தூக்கம் வரலனா மனநல டாக்டரைப் பாக்குறது வெக்கப்படுற விஷயம் இல்ல, இந்தப் பயத்துக்கும் வைத்தியம் இருக்கு.

கேள்வி: டாக்டர், எனக்கு ரெண்டு தடவை கரு கலைஞ்சுது. டார்ச் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க, ஹெர்பிஸ் ஐ.ஜி.ஜி. பாசிடிவ்னு வந்துருக்கு. அன்னைல இருந்து மாமியார் ஒரு மாதிரி பாக்குறாங்க, வீட்டுக்காரர் 'உனக்கு எப்படி வந்துச்சு'னு கேக்குறார். அவரைத் தவிர வேற யாரையும் எனக்குத் தெரியாது. இப்ப மூணாவது மாசம், குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: அழாதீங்கம்மா. முதல் கேள்விக்கு செல்போன் டார்ச், உங்களுக்கு இந்த டார்ச், ரெண்டுமே இல்லாத பூதத்தைத்தான் காட்டுது. டாக்ஸோபிளாஸ்மா, ருபெல்லா, சைட்டோமெகாலோ, ஹெர்பிஸ், இந்தத் தொத்து எல்லாத்துக்கும் சேர்த்துப் பாக்குற ரத்த டெஸ்ட்தான் டார்ச் பேனல். நம்ம ஊர்ல கரு கலைஞ்சா உடனே இதை எழுதுற பழக்கம் இன்னும் போகல, திரும்பத் திரும்ப கலையுறதுக்குக் காரணம் தேட இந்த பேனல் உதவாதுனு பிரிட்டன்ல மகப்பேறு டாக்டர்கள் சங்கம் எப்பவோ சொல்லிடுச்சு. உங்க ஐ.ஜி.ஜி. சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், ஹெர்பிஸ் வைரஸ் என்னைக்கோ உங்க உடம்பைத் தொட்டிருக்கு. அஞ்சு வயசுல சித்தி முத்தம் குடுத்தப்ப கூட வந்திருக்கலாம். கரு கலைஞ்ச பழியை அது தலையில போட முடியாது, உங்க தலையில போடவே முடியாது.

வீட்டுக்காரரை இதைப் படிக்கச் சொல்லுங்க. சார், அதே டெஸ்டை நீங்க எடுத்தாலும் பாசிடிவ் வர நல்ல வாய்ப்பு இருக்கு, அப்ப 'உங்களுக்கு எப்படி வந்துச்சு'னு அவங்க கேக்கலாமா? எப்ப வந்துச்சு, யார் கிட்ட இருந்து வந்துச்சுனு உலகத்துல எந்த ரத்த டெஸ்டும் சொல்லாது.

குழந்தை விஷயம். நிஜமா ஆபத்து எப்பனா, அம்மாவுக்கு பிரசவத்தை ஒட்டி, கடைசி மாசங்கள்ல முதல் தடவையா பிறப்புறுப்புல ஹெர்பிஸ் தொத்தினா. அப்ப குழந்தைக்குப் போக 100க்கு 30ல இருந்து 50 வரை வாய்ப்பு, அது உயிருக்கே ஆபத்தான விஷயம், விளையாட்டு இல்ல. முன்னாடியே இருக்குறவங்களுக்கு அது 100ல 1க்கும் கீழ, ஏன்னா அம்மாவோட எதிர்ப்பு சக்தி குழந்தைக்கும் போகுது. அதனால பழைய பாசிடிவ்னு பயப்பட வேணாம். பிறப்புறுப்புல எப்பவாவது கொப்புளம், புண்ணு வந்திருக்கா? வந்திருந்தா உங்க டாக்டர் கிட்ட மறைக்காம சொல்லுங்க, 36வது வாரத்துல இருந்து மாத்திரை குடுப்பாங்க, பிரசவ வலி வர்ற நேரம் புண்ணு இருந்தா சிசேரியன் பண்ணுவாங்க. வரலைனா ஒண்ணும் பண்ண வேணாம். வீட்டுக்காரருக்கு உதட்டுல பொரிஞ்சிருந்தா அந்த ஒரு வாரம் வாய் வழியா எதுவும் வேணாம், கடைசி மூணு மாசத்துல இதுல ரொம்ப கண்டிப்பா இருங்க.

கேள்வி: எனக்கு நிஜமாவே இருக்கு டாக்டர், புண்ணுல இருந்து பி.சி.ஆர். எடுத்து டைப் 2னு சொல்லிட்டாங்க. வயசு 26. நான் விரும்புறவர் கிட்ட சொல்லணுமா? இனிமே எனக்கு குடும்பம்னு ஒண்ணு இருக்குமா?

பதில்: இருக்கும்மா. 2020 கணக்குப்படி உலகத்துல 15ல இருந்து 49 வயசுக்குள்ள 52 கோடி பேர் கிட்ட டைப் 2 இருக்கு, எல்லாரும் கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்கலை. வைரஸை உடம்புல இருந்து முழுசா விரட்ட மருந்து இல்ல, முதுகெலும்பு பக்கத்துல நரம்பு முடிச்சுல போய் படுத்துக்கும். ஆனா அடக்கி வைக்க அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர்னு நல்ல மாத்திரைகள் இருக்கு. முதல் வருஷம் அடிக்கடி வந்து தொல்லை பண்ணும், போகப் போக குறையும். சுருசுருனு ஆரம்பிக்குறப்பவே மாத்திரை போட்டா சீக்கிரம் அடங்கும். அடிக்கடி வந்தா தினமும் ஒரு மாத்திரைனு மாசக்கணக்கா எடுக்கலாம்.

சொல்லணுமானு கேட்டீங்க. சொல்லணும்ங்குறதுதான் என் கருத்து, உறவுக்கு முன்னாடி. புண்ணே இல்லாத நாள்லயும் வைரஸ் வெளிய வரும், அவருக்குத் தெரிஞ்சுக்க உரிமை இருக்கு. சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்க: தினசரி மாத்திரை எடுத்தா துணைக்குப் பரவுறது ஏறக்குறைய பாதியா குறையுது, காண்டம் அதுக்கு மேல குறைக்கும், ஆனா அது மூடாத இடத்துத் தோல் வழியாவும் போகும்ங்குறதால 100க்கு 100 காப்பு கிடையாது, புண்ணு இருக்குற நாள்ல வேணவே வேணாம். இன்னொண்ணு, டைப் 2 இருந்தா ஹெச்.ஐ.வி. தொத்துற வாய்ப்பு கூடும், அதனால ரெண்டு பேரும் அந்த டெஸ்டையும் பாத்துக்கோங்க. அவர் கேட்டுட்டு எழுந்து போனா வலிக்கத்தான் செய்யும். என் கிட்ட வர்றவங்கள்ல கேட்டுட்டு உக்காந்த இடத்துலயே இருந்து 'சரி, அடுத்து என்ன பண்ணணும்'னு கேட்ட ஆளுங்களையும் பாத்திருக்கேன்.

கேள்வி: ஹெர்பிஸ்னு தமிழ்ல தேடினா அக்கினு வருது. எங்க ஊர்ல அக்கிக்கு மண்பானை செய்யுறவர் கிட்ட போய் எழுதுவாங்க. இதுக்கும் எழுதலாமா?

பதில்: சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. அக்கிங்குறது ஹெர்பிஸ் ஸாஸ்டர், சின்னம்மை போட்ட வைரஸ் பல வருஷம் கழிச்சு இடுப்பு, நெஞ்சுனு உடம்போட ஒரே பக்கத்துல பட்டையா வர்றது. பேர்ல பாதி ஒண்ணுங்குறதால கூகுள் ரெண்டையும் ஒரே சாக்குல கட்டிருச்சு. ரெண்டும் ஒரே குடும்பம்தான், ஆனா வேற வேற வைரஸ், அக்கி பால்வினை நோயே இல்ல. ரெண்டுமே எழுதினாலும் எழுதாட்டியும் தானா காயும், அதனாலதான் எழுதினவருக்குப் பேர் கிடைக்குது. அக்கிக்கு கொப்புளம் வந்து மூணு நாளுக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சா நல்லது, காவி பூசிக்கிட்டு அந்த மூணு நாளைத் தொலைச்சுடாதீங்க.

கேள்வி: மூணு வருஷமா எனக்கு மொட்டு மேல அதே இடத்துல, ஒரு மில்லிமீட்டர் கூட தள்ளாம, செவந்து எரிஞ்சு புண்ணாகுது, ஆறினதும் கருப்புத் தழும்பு நிக்குது. ஹெர்பிஸ்னு சொல்லி அஞ்சு தடவை அசைக்ளோவிர் சாப்பிட்டாச்சு. ரத்தத்துல டைப் 2 நெகட்டிவ். மனைவிக்கு ஒண்ணும் இல்ல. என்னதான் இது?

பதில்: நீங்க ஒரு நல்ல கேள்வியை அஞ்சு தடவை தப்பான இடத்துல கேட்டிருக்கீங்க. ஹெர்பிஸும் திரும்பத் திரும்ப வரும், ஆனா கொஞ்சம் அங்க இங்க நகரும், கரும்பட்டையா தழும்பு விடாது. அச்சு வெச்ச மாதிரி அதே இடம், ஆறினா கருப்பு வட்டம்னா எனக்கு மாத்திரை மேலதான் சந்தேகம். குறிப்பிட்ட ஒரு மருந்து உள்ள போனா சில பேருக்கு அதே இடத்துல தோல் வெந்து போகும், ஃபிக்ஸ்ட் டிரக் எரப்ஷன்னு சொல்வோம், உதடும் உறுப்பும்தான் அதுக்குப் பிடிச்ச இடம். வயித்துப்போக்குக்குப் போடுற மாத்திரை, சல்ஃபா மாத்திரை, வலி மாத்திரை, இதுங்கதான் வழக்கமான குற்றவாளிங்க. ஒவ்வொரு தடவை புண்ணு வர்றதுக்கு முந்தின ஒண்ணு ரெண்டு நாள்ல என்ன சாப்பிட்டீங்கனு உக்காந்து யோசிங்க. கடையில வெளிச்சாப்பாடு, அன்னைக்கு ராத்திரி வயிறு கலங்கி, மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டு, மறுநாள் புண்ணு, இப்படி ஏதாவது ஞாபகம் வருதா? வீட்ல மேஜை டிராயர்ல பாதி தீர்ந்த அட்டை கிடக்கும் பாருங்க, தூக்கிப் போடாம கையோட எடுத்துட்டு தோல் டாக்டர் கிட்ட போங்க, அவர் பாத்து சொல்ற வரைக்கும் அதுல இருந்து இன்னொண்ணு மட்டும் போட்டுப் பாத்துடாதீங்க.